சீவலப்பேரிக்காரரின் ரத்தம்

வண்ணார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அதை நடத்திய டாக்டரம்மா, மூத்த டெக்னீஷியனான அண்ணாச்சி, நான், மூன்றே பேர். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அன்று நாங்கள் வேலை செய்த விதத்தை இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ரத்தத்திலிருந்து பிரிந்து நிற்கும் தெளிநீரான சீரத்தை, கண்ணாடிக் குழலை வாயில் வைத்து உறிஞ்சித்தான் அளந்து எடுப்போம். கொஞ்சம் கூடிவிட்டால் நாக்கில் உப்புக் கரிக்கும். துப்பிவிட்டு வாய் கொப்பளிப்போம். கையுறைகளைக் கழுவி, பவுடர் போட்டு மறுபடி மாட்டிக்கொள்வோம், அதுவும் என்றைக்காவது. படித்த இடத்திலும் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

ஒரு காலையில், ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களை வேகமாகச் சுழற்றிச் சீரத்தைப் பிரிக்கிற இயந்திரத்துக்குள் ஏதோ தெறித்த சத்தம் கேட்டது. நிறுத்தித் திறந்தேன். ஒரு குழாய் நொறுங்கிக் கிடந்தது. சில்லை எடுக்க வெறும் விரலை விட்டேன், கட்டைவிரலில் கீறியது. சோப்புப் போட்டுக் கழுவி, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன்.

உடைந்தது, மஞ்சள்காமாலையோடு சீவலப்பேரியிலிருந்து வந்திருந்த ஒரு விவசாயியின் ரத்தம். கீழே டீக்கடையில் இருந்தவரைக் கூப்பிட்டு மறுபடி எடுத்தோம். மத்தியானம் முடிவு வந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருந்தது.

அண்ணாச்சி என் விரலைப் பார்த்தார். "இது எப்பம் பட்டது?"

"காலைல. குழாய் உடஞ்சப்போ."

டாக்டரம்மா எழுந்து வந்தார். "தடுப்பூசி போட்டிருக்கியாம்மா?"

இல்லை. மூன்று பேருமே போட்டிருக்கவில்லை. தடுப்பூசி ஊரிலேயே கிடைத்தது, அதை அப்போதே போட்டார். ஆனால் கிருமியை உடனே எதிர்க்கிற இன்னொரு ஊசியும் ஒரு நாளுக்குள் போட வேண்டும் என்றார். எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டு விசாரித்ததில் மதுரையில்தான் இருந்தது.

"ஐஸ் போட ஒரு பிளாஸ்க் மட்டும் குடுங்க, நான் போயிட்டு வாரேன்," என்று அண்ணாச்சி செருப்பை மாட்டினார். மறுநாள் காலை நான் வந்தபோது, ஈரத்துண்டு சுற்றிய பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் மடியை விட்டு இறக்கவில்லையாம்.

ஊசி போட்ட பிறகு டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்தார். தட்டு, டம்ளரால் இது பரவாது. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பரிசோதித்துத் தெளிகிற வரை கணவனும் மனைவியும் கவனமாக இருக்கணும், குழந்தையைத் தள்ளிப்போடுங்கள் என்றார். கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "அம்மாட்ட சொல்லாண்டாம். பயந்துருவா," என்றார்.

சொல்லவில்லை. மாமியாரான அத்தை மாதாமாதம் என் முகத்தைப் பார்த்து, "ஒண்ணும் விசேஷம் இல்லையா?" என்று கேட்பார். தலையாட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன்.

மறுபரிசோதனைக்கு வந்த சீவலப்பேரிக்காரர், என் விரலில் கீறியதை டீக்கடையில் கேள்விப்பட்டிருந்தார். கையை நீட்டாமல் நின்றார்.

"என் ரத்தத்தால ஒங்களுக்கும் வந்துருமோம்மா?"

"வராதுய்யா. ஊசி போட்டாச்சு. ஒக்காருங்க."

"இன்னொருக்க எடுக்கணுமா? எதுக்கு ஒங்களுக்கு வம்பு?"

"கையுறை போட்டிருக்கேன், பாத்தீயளா. பைய நீட்டுங்க."

அதற்குள் எங்கள் நிலையம் மாறியிருந்தது. வாயால் உறிஞ்சுவதை டாக்டரம்மா நிறுத்திவிட்டார். உறிஞ்ச ரப்பர் பந்து வந்தது. முதலில் அண்ணாச்சிக்கு அது கைக்கு வரவில்லை. "அளவு நிக்க மாட்டேங்கு," என்று முணுமுணுப்பார். மேஜைக்கடியில் பிளீச்சிங் கரைசல் வாளி. ஊசியும் உடைந்த கண்ணாடியும் அதில்தான். குழாய் உடைந்தால் இயந்திரத்தை உடனே திறக்கக் கூடாது. உள்ளே பறக்கும் துளி அடங்கும்வரை காத்திருந்து, இடுக்கியால் எடுக்க வேண்டும். அந்தக் கரைசலின் நெடி சேலையில் ஏறி, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

சீவலப்பேரிக்காரருக்கு முதலில் தெளிந்தது. பெரியவர்களில் பலருக்கு இந்தக் கிருமி தானாகவே போய்விடும். முடிவைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "ஒங்களுக்குப் பாத்தாச்சா?" என்றார். இன்னும் நாளிருக்கிறது என்றேன். அதன்பிறகு உடம்புக்கு ஒன்றுமில்லாமலே, டவுனுக்கு வரும்போதெல்லாம் மாடியேறி வந்து கேட்டுவிட்டுப் போவார்.

ஆறு மாதம் முடிந்ததும் என் பரிசோதனையை அண்ணாச்சிதான் செய்தார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவைத் திறந்து, "இல்லம்மா. ஒண்ணுமில்ல," என்றார். எனக்கு அழுகைகூட வரவில்லை. பசித்தது.

அன்று சாயங்காலம் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னோம். முழுவதும் கேட்டார்.

"மாசாமாசம் கேட்டுக் கேட்டு ஒன்ன நோகடிச்சிருக்கேனே. ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா," என்று என் விரலை எடுத்துப் பார்த்தார். தழும்புகூடத் தெரியவில்லை. எனக்கு எப்போதும்போலச் சோறு போட்டார். சொல்ல வேண்டாம் என்ற மகனோடு பேச மட்டும் அவருக்குச் சில நாட்கள் ஆயின.