நான் போட்ட சக அடையாளம்

உயர்தர வகுப்புக்கு நான் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். எந்திரப்பி, அதாவது துணிக்கைகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு, அந்தப் பாடம் வந்தால் பிள்ளைகளுக்கு ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுப்பேன். இரசாயனத் தாக்கம் ஒன்று முடிய வாயு கூடியிருந்தால் எந்திரப்பி கூடும், வாயு குறைந்திருந்தால் குறையும். திண்மம் தண்ணீரில் கரைந்தால் கட்டாயம் கூடும், அடுக்கி இருந்தவை சிதறிப் போகின்றன அல்லவா. கூடினால் சக, அதாவது கூட்டல் அடையாளம்; குறைந்தால் சய, கழித்தல் அடையாளம். “யோசிக்கவே தேவையில்லை” என்று முடிப்பேன். அதை ஒரு பெருமையாகவே சொல்லி வந்தேன்.

போன வருடம் கிளிநொச்சியில் எங்கள் பாட ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. பயிற்சி நடத்த வந்த வளவாளர் எங்களை இருவர் இருவராக இருத்தி, எட்டுத் தாக்கங்கள் அச்சடித்த தாளைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் எந்திரப்பி கூடுமா குறையுமா என்று கணிக்க வேண்டும்.

எனக்குப் பக்கத்தில் இருந்த ஆசிரியை என்னைவிட மிகவும் இளையவர். நியமனம் கிடைத்துச் சில மாதங்கள்தான்.

“எந்த இடம் டீச்சர்?”

“தர்மபுரம் சேர்.”

“சொந்த இடம்?”

“அப்பா ஆக்கள் மலைநாட்டால வந்தவை. நான் பிறந்தது வளந்தது எல்லாம் இங்கதான்.”

எங்கள் குடும்பமும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக் குடியேற்றத் திட்டக் காணியில் குடியேறியதுதான். ஆனாலும் அந்தப் பதிலைக் கேட்டதும், தோட்டத்து ஆக்கள் எங்களைவிடக் குறைவு என்ற பழைய நினைப்பில் தாளை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். பேனையும் என்னிடமே இருந்தது. இதை எழுதும்போதுகூட உடம்பு கூசுகிறது.

முதல் ஐந்தையும் கேட்காமலே எழுதினேன். ஆறாவது, கல்சியம் ஐதரொட்சைட்டு, அதுதான் நீறிய சுண்ணாம்பு, தண்ணீரில் கரைவது. சக போடப் போனேன்.

“சேர், அது சய எண்டு நினைக்கிறன்” என்றார் அவர். “கரையேக்க சூடு வெளியேறுது. அப்பிடியிருந்தும் கொஞ்சம்தானே கரையுது? அப்ப எந்திரப்பி குறையிறதுதான் அதை மறிக்குது. கல்சியம் அயன் தன்னைச் சுத்தித் தண்ணி மூலக்கூறுகளை இழுத்துப் பிடிச்சு வைச்சிருக்கும்.”

அவர் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கியதால்தான் எரிச்சல் வந்தது.

“டீச்சர், நீங்கள் படிக்கிற காலத்திலயே நான் இதைப் படிப்பிச்சனான்” என்று சொல்லிச் சக அடையாளத்தை அழுத்திப் போட்டேன். மிச்ச இரண்டையும் நானே எழுதி முடித்தேன்.

தாள்களைச் சேர்த்துப் பார்த்த வளவாளர் எங்களுடையதை எடுத்து, “ஆறாவதை ஏன் சக எண்டு போட்டனீங்கள்?” என்று கேட்டார். மண்டபத்தில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். பாதிப் பேர் என்னை அறிந்தவர்கள்.

“அது டீச்சர் போட்டவா. நான் கவனிக்கேல்ல” என்றேன்.

அவ்வளவு சுளுவாக வாயில் வந்தது. ஆசிரியை என்னைத் திரும்பியும் பார்க்காமல் எழுந்து, “பிழைதான் சேர், சய வரவேணும்” என்று சொல்லி, எனக்குச் சொன்ன அதே விளக்கத்தை ஒரு சொல் தடுமாறாமல் சொன்னார்.

“இவ்வளவு வடிவா விளங்கியிருக்கு, பிறகேன் மாறிப் போட்டனீங்கள்?” என்று வளவாளர் கேட்டார்.

“அவசரத்தில சேர்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தேநீர் இடைவேளையில் அவர் நின்ற பக்கம் நான் போகவில்லை. பின்னேரம் சொல்லாமல் கொள்ளாமல் வெளிக்கிட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, திருத்திய விடைத்தாள்களை வலயக் கல்விப் பணிமனையில் கொடுக்கப் போன இடத்தில் அந்த ஆசிரியையைக் கண்டேன். ஒளிக்க இடமில்லை.

“டீச்சர், அண்டைக்கு நான் செய்தது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“அந்த வளவாளர் சேர் சுத்தி வரேக்க நீங்கள் எழுதினதைப் பாத்தவர். அவருக்குத் தெரியும்” என்றார். குரலில் கோபம் இல்லை. “எனக்கு அது பரவாயில்லை. உங்கட பிள்ளையளுக்குத் திருத்திச் சொல்லிட்டீங்களோ?”

“ஓம், சொல்லிட்டன்” என்றேன்.

சொல்லியிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்ட வாய் காயுமுன்னமே அடுத்த பொய். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நம்பினாரோ தெரியாது.

அடுத்த நாள் முதல் பாடத்திலேயே கரும்பலகையில் சுண்ணாம்புத் தாக்கத்தை எழுதினேன். நான் சொல்லித் தந்த வழி எல்லா இடத்துக்கும் சரிவராது, இவ்வளவு காலமும் பிழையாகச் சொல்லியிருக்கிறேன், இதைத் தர்மபுரத்து ஆசிரியை ஒருவர் எனக்கு விளங்கப்படுத்தினார் என்றேன். மண்டபத்தில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. அதற்குத் துணிவு வரவில்லை.

முன்வரிசையில் இருந்த பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள். “சேர், என்ர அக்காவும் உங்களிட்டத்தான் படிச்சவா. அவாக்கும் இதைச் சொல்லட்டோ?”

“சொல்லுங்கோ” என்றேன். “எனக்குப் பிழைச்சுப் போச்செண்டு சொல்லுங்கோ.”