மழை பெய்தால் தறி நிற்காது

சூலூரில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ஒரு பத்தியைக் கொடுத்தால் என் பிள்ளைகள் படிப்பதில்லை. மேலோட்டமாக ஒரு பார்வை, உடனே பதில் எழுதக் கிளம்பிவிடுவார்கள். "மூணு தடவை படிங்க கண்ணுகளா" என்று கத்திக் கத்தி என் தொண்டைதான் வறண்டது.

அதனால் பருவத் தேர்வில் ஒரு பொறி வைத்தேன். செய்தித்தாளில் வந்த மின்தடை அறிவிப்பை எடுத்து, 'மாலை ஐந்து வரை' என்பதை மட்டும் 'பகல் இரண்டு வரை' என்று மாற்றினேன். அன்று தறி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது கேள்வி. பாதி வகுப்பு விசைத்தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். மின்தடை என்றாலே ஒன்பது முதல் ஐந்து என்று ஊறிப்போனவர்கள். நினைத்தபடியே எட்டு, எட்டு என்று எழுதித் தள்ளியிருந்தார்கள். தப்பு என்று சிவப்பு மையால் சுழித்துச் சுழித்துக் கை வலித்தாலும் எனக்கு அற்ப சந்தோஷம்.

தாள்களைக் கொடுத்துவிட்டு, "கண்ணு பேப்பர்ல, புத்தி தறிக்குடோன்லயா?" என்று கிண்டலடித்துக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து எங்கள் கபடிக் குழுப் பெண் எழுந்தாள். முப்பத்து மூன்று மதிப்பெண். முப்பத்தைந்து எடுக்காதவர்களைச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு அனுப்பக்கூடாது என்பது தலைமையாசிரியர் உத்தரவு. 'மழை பெய்தால் தறி நிற்காது' என்று அவள் விடையைத் தொடங்கியிருந்தாள். மழைக்கும் தறிக்கும் என்னடி சம்பந்தம் என்று அந்த வரியிலேயே சுழித்திருந்தேன்.

"ஏனுங்க மிஸ், கேள்வித்தாள்ல கடைசி வரிய இன்னொருக்கா படிச்சுப் பாருங்க."

"பரீட்சை எனக்கா, உனக்கா அம்மணி?" என்றேன் சுள்ளென்று.

அவள் உட்காரவில்லை. கண் கலங்கிவிட்டது. "ரெண்டு மார்க்குல மேட்ச் போயிருமுங்க மிஸ்."

வேண்டாவெறுப்பாகப் படித்தேன். 'மழை பெய்தால் பராமரிப்புப் பணி மறுநாளுக்கு ஒத்திவைக்கப்படும்.' நேரத்தை மாற்றிய மகராசி நான், அடியில் இப்படி ஒரு வரி இருப்பதைப் படிக்கவே இல்லை. அவள் விடையின் இரண்டாவது வரியையும் அப்போதுதான் பார்த்தேன்: 'மழை இல்லாவிட்டால் ஐந்து மணி நேரம்.'

காதெல்லாம் சூடாகிவிட்டது. அத்தனை பேர் முன்னால் வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டு மதிப்பெண்ணைப் போட்டுக் கொடுத்தேன்.

"தேங்க்ஸுங்க மிஸ். மத்தவங்க பேப்பரையும் ஒருக்கா பாத்துருங்க" என்றாள். வாய்க்கொழுப்பைப் பாருங்கள்!

வகுப்பே சிரித்தது. நான் தாள்களைத் திரும்ப வாங்கிக் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஒவ்வொன்றாகக் கடைசி வரிவரைக்கும் படித்தேன். நான் சுழித்துத் தள்ளியவற்றில் இன்னும் இரண்டு பேர் மழையை எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு பேரும் எழுந்து கேட்கவே இல்லை.