நகல் நான்கு பேருக்கு

எச்.ஐ.வி. உள்ள பிள்ளையைப் பள்ளியில் ஒதுக்கக் கூடாது, தன் நோயைச் சொல்லும்படி அந்தப் பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது, தெரிந்தவர்கள் அதை வெளியே விடக் கூடாது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிச் சொல்கிறது. இதைப் புத்தகம் பார்க்காமல் சொல்வேன். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சட்டத்தைப் படிப்பதும், அது நடக்காமல் இருப்பதை உட்கார்ந்து பார்ப்பதும்தான் என் உத்தியோகம்.

மூன்று வருடங்களுக்கு முன், சிதம்பரத்தில் எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பு படித்தாள். பிறக்கும்போதே அந்தக் கிருமி தொற்றிய பிள்ளை. தினமும் கூட்டு மருந்து சாப்பிட்டு நன்றாகவே இருந்தாள். மாதம் ஒரு நாள் மாத்திரை வாங்க மருத்துவமனைக்குப் போகவேண்டும். அந்த நாட்களுக்கு மருத்துவச் சான்று கொண்டுவரச் சொல்லிவிட்டது பள்ளி. சான்றில் மருத்துவமனையின் எந்தப் பிரிவு என்று முத்திரை இருக்கும்.

"அதைக் குடுத்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும் சார். குடுக்கலன்னா வராதேங்கறாங்க. இனிமே பள்ளிக்கூடமே வேணாம்னு ரெண்டு நாளா வீட்டுலயே கெடக்குறா" என்றார்.

எனக்குக் கோபம் பொங்கியது. உண்மையைச் சொன்னால், உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமும். ஓய்வுக்குப் பிறகு இப்படி ஒரு மனு எழுத வாய்ப்பே அமையவில்லை. பொருள், பார்வை, சட்டப் பிரிவு, மாணவியின் பெயர், வகுப்பு, பள்ளி, நோய் என்று ஒரு குறையும் இல்லாமல் நான்கு பக்கம் எழுதினேன். கடைசியில், பழக்க தோஷம், நான்கு பேருக்கு நகல் போட்டேன்.

மறுநாள் அதை மாவட்டக் கல்வி அதிகாரியிடம் நேரில் கொடுக்க, தாய், மகள், நான் என மூவரும் கடலூர் பஸ் ஏறினோம். புதுச்சத்திரம் தாண்டியதும் மகள் காகிதத்தைக் கேட்டாள். கேள்வித்தாள் மாதிரி நிதானமாகப் படித்தாள்.

"சார், இதை அந்த ஆபீசர் மட்டும்தான் படிப்பாரா?"

"எப்படிம்மா? மொதல்ல தபால் பிரிவுல பிரிப்பாங்க. நோட்டுல பொருளை எழுதி நம்பர் போடுவாங்க. அப்புறம் செக்‌ஷனுக்குப் போவும், கண்காணிப்பாளர் பார்ப்பாரு..." பெருமையாகவே சொன்னேன். அவள் விரல் மடக்க ஆரம்பித்தாள்.

"நகலு?"

"அதுவும் அப்படித்தான்."

இரண்டு கையும் தீர்ந்துபோயின. "ஆஸ்பத்திரியில இருக்கவங்களை விட்டா, அம்மாவுக்கும் உங்களுக்கும்தான் சார் தெரியும். ஒரே மனுவுல இத்தினி பேருக்கா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. கணக்கைச் சரிபார்க்கிற குரல்.

எங்கள் அலுவலகத்தில் காலை டீயோடு தபால் பிரிக்கும்போது, சுவையான மனு வந்தால் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்போம். யாருடைய வியாதியோ, யாருடைய குடும்பச் சண்டையோ. பல நாள் படித்தவன் நான்தான். சிரித்தும் இருக்கிறோம்.

கடலூர் பஸ் நிலையத்தில் இறங்கியதும் நான்கு பக்கத்தையும் பொடிப்பொடியாகக் கிழித்தேன்.

"என்னா சார், கஷ்டப்பட்டு எழுதினதைப் போயி..." என்று அம்மா பதறினார்.

மகள் அன்று முதல்முறையாகச் சிரித்தாள். "விடும்மா. கிளாஸ் டீச்சர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். அவுங்ககிட்ட மட்டும்."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, என் பெயரிலேயே அரைப்பக்கத்தில் வேறு மனு எழுதினேன். தொடர்ந்து சிகிச்சைக்குப் போகும் எந்தப் பிள்ளைக்கும் பெற்றோர் கடிதமே போதும், நோயைக் கேட்கவேண்டாம் என்று எல்லாப் பள்ளிகளுக்கும் உத்தரவிடக் கேட்டிருந்தேன். பெயர் இல்லை, பள்ளி இல்லை, நோயும் இல்லை. அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் அந்த டீச்சர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாராம். "மாசத்துல எந்த நாளுன்னு மட்டும் சொல்லு. அன்னிக்கு டெஸ்ட் வைக்க மாட்டேன். அம்மா லெட்டர் போதும், ஹெச்.எம். கேட்டா நான் பேசிக்கிறேன். நீ சொன்னது என்னைத் தாண்டிப் போவாது" என்றாராம். அந்த வாரமே முதலுதவிப் பெட்டியில் ஒரு பாக்கெட் கையுறை வந்தது. எந்தப் பிள்ளைக்கு அடிபட்டாலும் கையுறை போட்டுத்தான் கட்டவேண்டும் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மாத்திரை வாங்கப் போகும் நாள் தவிர அவள் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை.

என் மனுவுக்கும் ஒருவழியாகப் பதில் வந்தது. 'மாணவரின் பெயர், பள்ளி, நோய் விவரம் குறிப்பிடப்படாததால் மேல்நடவடிக்கை எடுக்க இயலவில்லை.' இரண்டு முறை படித்தேன். எனக்கு இவ்வளவு நிம்மதி கொடுத்த அரசுக் கடிதம் வேறில்லை. ஒரு பிள்ளையின் பெயரை எழுதாமல் விட்டதுதான் என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான அலுவல் என்று இன்றும் நினைக்கிறேன். வழக்கப்படி உறையின் மேல் வரவுத் தேதியைக் குறித்துவைத்தேன்: அவள் பத்தாம் வகுப்பின் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு, மை படிந்த விரலோடு எங்கள் தெருவுக்குள் நடந்துவந்த நாள்.