தூக்கக் குழு

நாமக்கல் பக்கம் நீட் தேர்வுக்காக நான் தங்கிப் படித்த பெண்கள் விடுதிக்கு ஒரு நாள் ஓர் அக்கா வந்தார். சேலத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். ஒல்லியான உருவம், கொண்டையில் செருகிய பென்சில். யோசிக்கும்போதெல்லாம் அதை உருவிப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொள்வார்.

படித்ததும் தூங்கினால் மனதில் நன்றாக நிற்குமா என்பதுதான் அவருடைய சோதனை. மதியம் எல்லோருக்கும் ஒரே சொற்களைப் படிக்கக் கொடுத்தார். பிறகு சீட்டுக் குலுக்கி, பாதிப் பேரைப் பாய் விரித்த அறைக்குத் தூங்க அனுப்பினார். மற்றவர்கள் விழித்திருக்க வேண்டும். இரண்டு குழுவின் சராசரியையும் ஒப்பிட்டு, வித்தியாசம் தற்செயலா, தூக்கத்தால் வந்ததா என்று கணக்குப் போடுவாராம். எனக்குத் தூக்கச் சீட்டு விழுந்தது.

சாயங்காலம் எழுதச் சொன்னபோது நான் ஒரு சொல்கூட விடவில்லை.

"நல்லாத் தூங்குனியா சாமி?" என்றார்.

"இல்லீங்கக்கா. கண்ண மூடிட்டு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டே இருந்தேனுங்க. எல்லாருமே அப்படித்தானுங்க. பகல்ல தூங்குனா வார்டன் திட்டுவாங்க."

உருவிய பென்சில் கையிலேயே நின்றது. எங்கள் தாள்கள் அத்தனையையும் மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இது கணக்குல சேராது. போயிப் படுங்க. இந்தத் தூக்கத்துக்குப் பரீட்சை இல்ல. வார்டன் வந்தா நான் பேசிக்கறேன்."

கதவருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அன்று தூங்கியதுபோல் நான் பிறகு தூங்கியதே இல்லை. இப்போது சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் எனக்கென்று தனி அறை இருக்கிறது, எழுப்ப யாருமில்லை. ஆனாலும் பகலில் படுத்தால், கண் மூடும் முன் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.