முடிந்துவிட்டது என்று சொன்னவன்

நான் ஞானம் அடையவில்லை. அடைந்துவிட்டதாகச் சொன்னது பொய்.

எண்பதுகளின் நடுவில், நாங்கள் குடியேறிய ஒக்லாந்து நகரின் பக்குரங்காப் பகுதியில் எங்கள் வீடு. ஞாயிறு காலைகளில் சிலர் வந்து என் முன் கண்மூடி அமர்வார்கள். எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் கீறுகிற எனக்கு முன்னால்!

ஒரு குளிர்காலத்தில், பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது என் மனம் ஓய்ந்தது. பயமில்லை, ஆசையில்லை... அது மெய். சில வாரங்கள் நிலைத்தது. இதுவே முடிவு, இதற்கப்பால் ஏதுமில்லை என்று சொல்லத் தொடங்கினேன்.

பிறகு அது போய்விட்டது. போனதை நான் சொல்லவில்லை. ஏன்? அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இழக்க மனம் வரவில்லை. வேறென்ன?

யோகம் நகரின் மறுகோடியிலுள்ள ரானுயியிலிருந்து பஸ் மாறி வருவாள். ஊர்க் கலவரத்தில் தம்பியைப் பறிகொடுத்தவள். துக்கம் ஒருநாள் அடியோடு தீருமா என்று கேட்டாள். தீரும், எனக்குத் தீர்ந்துவிட்டது என்றேன். அன்றுமுதல் அழுகையை அடக்கப் பழகினாள்.

அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் என் அம்மா இறந்தார். செய்தி வந்த அன்று மாலை, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே கேட்காதபடி அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்தால், துக்கம் விசாரிக்க வந்த யோகம் கூடத்தில் இருந்தாள்.

"உங்கட முகத்தில ஒரு சலனமும் இல்லை, ஐயா. நான் தம்பியை நினைச்சு இன்னும் ஒளிச்சு அழுகிறன். எனக்கு இது வாய்க்காது போல."

அவள் தன்மேல் பழிபோட்டுக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை.

"நானும் இப்பதான் அழுதிட்டு வாறன், யோகம். எனக்கு ஒண்டும் முடியேல்ல. உமக்குப் பொய் சொல்லிப் போட்டன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்ப ஏன் என்னை வாய்விட்டு அழவிடாமல் வைச்சிருந்தனீங்கள்?"

அவள் எழுந்து போனாள். பிறகு வரவேயில்லை.

அடுத்த ஞாயிறு மற்றவர்களிடமும் சொன்னேன். பாதிப்பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். எவ்வளவு இலேசாக இருந்தது தெரியுமா! இப்போது அமர்ந்தால் மனம் அலைகிறது; அழைத்து வருகிறேன்; மறுபடி அலைகிறது. இதற்கு முடிவு உண்டா? அறியேன். வந்து சேர்ந்தவனாய் நடிக்கத் தேவையில்லை. மெல்ல நடந்தால் போதும்... இந்த நிம்மதியை உங்களிடம் மறைக்கமாட்டேன்.

ஆனால் யோகம் வாய்விட்டு அழாமல் விழுங்கிய அந்த ஓராண்டு? அதை யார் அவளுக்குத் திருப்பிக் கொடுப்பது?