கத்தரிக்கோல் கைமணம்

வெங்காயச் சீவல் ஒன்றை எடுத்து வளைத்துப் பார்க்கிறார் பஸ்கார அக்கா. அது ஒடியாமல் வளைந்துகொடுக்கிறது. "இன்னும் திமிரு அடங்கல," என்று தட்டை மறுபடியும் மின்னடுப்புக்குள் தள்ளுகிறார். சீவல் 'டப்'பென்று ஒடியும்வரை விடமாட்டார். ஒடிந்த பிறகு, காய்ந்த பூண்டு, மல்லி, மஞ்சள், சுக்கு, கொஞ்சம் சர்க்கரை, ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு எல்லாம் சேர்த்து அரைபடும். உள்ளங்கையில் கொட்டி, கண்ணை மூடி முகர்வார். மூக்கு ஒத்துக்கொண்டால் அதன் பெயர் நூடுல்ஸ் மசாலா.

வெளிநாட்டு நகரம் ஒன்றில் அரசு பஸ் ஓட்டுகிறார். குடியிருப்பில் உள்ள நாலைந்து தமிழ்க் குடும்பங்களுக்கும் அவர் பஸ்கார அக்காதான். குறுகலான வளைவில், இருபுறமும் கார்கள் நிற்க, கண்ணாடியைக் கூட உரசாமல் அந்த நீள வண்டியைத் திருப்பிவிடுவார். திருப்பி முடித்ததும், "வந்துட்டியா, தங்கம்," என்று ஸ்டியரிங்கை ஒரு தட்டு தட்டுவார். பயணிகளுக்கு மொழி புரியாது. ஆனாலும் சிரிப்பார்கள்.

மற்றவர்கள் வெளிநாடு வந்து குழம்புக்கும் துவையலுக்கும் ஏங்குவார்கள். அக்காவின் நாக்கு ஏங்குவது ஊர்க் கடையில் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளுக்கு. கிரீம் பிஸ்கட்டைச் சுட்டெடுப்பார். மேலே கோடு விழுவதற்கென்றே புதுச் சீப்பு ஒன்று வைத்திருக்கிறார். அது தலைக்கு வராது. பாலைச் சர்க்கரையோடு சுண்டச் சுண்டக் காய்ச்சி டின் பால் செய்வார். மைதாவைப் பிசைந்து, சின்ன இயந்திரத்தில் இழை இழையாகப் பிழிந்து, ஆவியில் வேகவைத்து, சதுரமாக அடுக்கி உலர்த்துவார்.

"கடையிலதான் விக்குதே அக்கா," என்பார்கள் அக்கம்பக்கத்தில்.

"விக்குது. பேரு மட்டும்தான் நூடுல்ஸ். நம்ம பாக்கெட்டு ருசி வரணுமில்ல?"

"பாக்கெட்டுக்குப் போய் இவ்வளவு பாடா?"

"எங்க வீட்டுல கைமணம்னா கத்தரிக்கோல் மணம்தான்," என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்போடு பேச்சையும் முடித்துவிடுவார்.

அது வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லை. அக்காவின் அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். ஒரு டூட்டி முடியுமுன் இன்னொரு டூட்டி தலையில் விழும். வீட்டுக்குள் நுழைந்த கையோடு அடுப்பைப் பற்றவைத்து, பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டுவார். முழு இழையெல்லாம் மகள் தட்டுக்கு. அடியில் தங்கிய உடைந்த துணுக்குகள் அம்மாவுக்கு, அதுவும் நின்றபடியே. "பாக்கெட்டப் பிரிச்சுப் போட்டே பொண்ண வளக்குறா," என்று சித்திமார் அவர் காதுபடவே பேசுவார்கள். அம்மா அடுத்த டூட்டிக்குக் கிளம்பிவிடுவார்.

அந்த அம்மா ஓய்வு பெற்று, சென்ற மாதம் மகளிடம் வந்து இறங்கினார். அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு, மாவு பிசைந்து, மசாலா அரைத்து, எல்லாவற்றையும் தன் கையால் செய்து, ஆவி பறக்கும் கிண்ணத்தை அம்மா முன் வைத்தார். அம்மா ஒரு வாய் சாப்பிட்டார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"கடல் தாண்டி வந்திருக்கேன். மொத நாளே இதத்தான் எனக்குப் போடணுமா?"

"நானே செஞ்சதும்மா. மசாலா கூட..."

"புரியுதுடி. உனக்கு நான் சமைச்சுப் போடலன்னு எல்லாரும் சொன்னாங்க. நீ ஒருத்திதான் சொல்லாம இருந்த. இப்ப நீயும் சொல்லிட்ட."

அக்கா எழுந்துபோய் அலமாரிக் கதவைத் திறந்தார். உள்ளே பாட்டில் பாட்டிலாக மசாலாத்தூள். ஒன்று சிவப்பு, ஒன்று பழுப்பு, ஒன்று கரிந்த கறுப்பு.

"என்னது இதெல்லாம்?"

"சரியா வராதது."

"வராதத எதுக்குடி சேத்து வச்சிருக்க?"

"ஒவ்வொண்ணும் கொஞ்சம் கிட்ட வந்துச்சும்மா."

"எதுக்குக் கிட்ட?"

"நீ டூட்டி முடிஞ்சு வந்து அடுப்பு முன்னாடி நிப்பியே, அப்ப வீடு பூரா ஒரு வாசன வருமே, அதுக்கு." அக்கா பாட்டில்களை முன்னால் நகர்த்தினார். "மத்தவங்களுக்கு அம்மா சமையல் எந்த ஓட்டல்லயாவது கெடச்சிரும். எங்கம்மா சமையல் பாக்கெட்டுல இருந்துச்சு. அந்தக் கம்பெனிக்காரன் இங்க கட போடல. நான் என்னம்மா பண்ணட்டும்? நீ வந்து நின்னதாலதானே நான் பசியில்லாம படுத்தேன். அத உன்கிட்டச் சொல்லத் தெரியல. செஞ்சு வச்சேன்."

அம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தார், மருந்துப் புட்டி பார்ப்பதுபோல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பழுப்புப் பாட்டிலிடம் வந்தபோது கை நின்றது. மறுபடி முகர்ந்தார்.

"இதுல சுக்க மட்டும் கொறச்சிருந்தா வந்திருக்கும்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நூடுல்ஸுக்குத் தண்ணியும் நெறைய வச்சிட்ட. நான் அவ்வளவு வைக்க மாட்டேன்."

ஆறிப்போன கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டு, ஒரு இழைகூட மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

மறுநாள் காலை அக்காவுக்கு வண்டி எடுக்க நேரமாகிவிட்டது. வாசலில் குனிந்து ஷூ நாடாவை முடிந்துகொண்டிருந்தார். அம்மா கையில் கிண்ணத்தோடு வந்தார். முள்கரண்டியில் நூடுல்ஸைச் சுற்றி, ஊதி ஆறவைத்து, முழங்காலைப் பிடித்தபடி மெல்ல மகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வாயத் தொற."

"நானே சாப்பிட்டுக்கறேம்மா, நேரமாச்சு."

"எனக்கு இன்னிக்கு டூட்டி இல்ல. தொற."

பாதி முடிந்த நாடாவை அப்படியே விட்டுவிட்டு, பஸ்கார அக்கா வாயைத் திறந்தார்.