படம் வராத கட்டம்

கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் போடுகிறவனுக்குக் கோடு இழுப்பது பெரிய காரியமில்லை. அந்தக் கோடுகளுக்கு நடுவே ஒரு படத்தைக் கொண்டுவந்து உட்காரவைத்து, அது எழுந்து போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான் உயிரை வாங்குகிற வேலை.

இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளுக்கு விளக்கம் தேவையில்லை. தப்பித்த புண்ணியவான்களுக்காக ஒரு வார்த்தை. வரைபடத்தில் நாம் சேர்க்கிற புகைப்படம் அதற்குள் குடியேறுவதில்லை. கம்ப்யூட்டரில் வேறொரு போல்டரில் அது தன்பாட்டுக்கு இருக்கும். வரைபடம் அந்த இடத்தின் முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு, திறக்கும்போதெல்லாம் போய்க் கூட்டிவரும். வரைபடத்தை அனுப்பிவிட்டுப் படத்தை அனுப்ப மறந்தால், வாங்குகிறவர் திரையில் ஒரு வெறும் கட்டம் வரும். கட்டத்துக்குள் அந்த முகவரி மட்டும் எழுத்தாக நிற்கும்.

என் கடை சிவகாசியில், ஓர் அச்சகத்தின் மாடியில் ஒற்றை அறை. பட்டாசுக் கம்பெனிகளுக்கும் தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கும் லைசென்ஸ் வரைபடம் போடுகிறேன். மனைவி ஸ்டெல்லா மஸ்கட்டில் நர்ஸ். இந்தக் கம்ப்யூட்டர் வந்த அன்று, படங்களை வைக்கிற போல்டருக்குத் தன் பெயரையே வைத்துவிட்டு, அடுத்த வாரம் விமானம் ஏறினாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. போன மே மாதத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிய இருந்தது. திரும்பி வருவாளா, இல்லை இன்னும் இரண்டு வருஷத்துக்கு எழுதிக் கொடுப்பாளா என்பதுதான் என் ஒரே கவலை. அதை நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இங்கே எழுதுவதெல்லாம் அந்த மே மாதத்துக்கு முன்னும் பின்னும் நடந்தவை.

மறைத்துக்கொண்டு நின்றவர்

ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. பழைய ஷெட்டுகள் எப்படி இருக்கின்றன என்று காட்ட, வரைபடத்திலேயே புகைப்படமும் சேர்த்துத் தர வேண்டும் என்றார் முதலாளி. போனேன். வாசலிலேயே என் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கூடவே இரும்பு டேப்பையும். வெடிமருந்து இருக்கிற இடத்தில் இரண்டும் ஆகாது, நியாயம்தான். அவர்கள் கொடுத்த துணி டேப்பை வைத்து ஷெட்டுக்கு ஷெட் தூரம் அளந்து முடித்தேன். ஆனால் செல்போன் இல்லாமல் படம் எடுப்பது எப்படி என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வீட்டிலிருந்து ஆயுதபூசை ஆல்பத்தை வரவழைத்தார். அன்றைக்கு மட்டும் மருந்தையெல்லாம் அப்புறப்படுத்திக் கழுவி விட்டிருப்பார்களாம், கேமராவுக்கு அனுமதி உண்டாம். ஆல்பத்தில் ஷெட் இருக்கிற படம் ஒன்றே ஒன்று. அதற்கு முன்னால் கழுத்தில் மாலையோடு ஒருவர் கதவையும் ஜன்னலையும் சேர்த்து மறைத்துக்கொண்டு நின்றார். முதலாளியின் மைத்துனர். நல்ல ஆகிருதி. இவரை வெட்டி எடுத்தால் இவர் அளவுக்கு ஓர் ஓட்டைதான் மிஞ்சும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். முதலாளி அசரவில்லை.

"மச்சினர மட்டும் எடுத்துருங்க சார். அவரு பின்னாலதான் ஷெட்டு இருக்கு."

பங்குக்கு வந்தவள்

சாத்தூரில் தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருக்கிற ஒருவர் புதிதாக இடம் வாங்கியிருந்தார். சர்வே படத்தை ஸ்கேன் செய்து அடியில் வைத்து, அதன் மேல் கட்டடத்தை வரைந்து அனுப்பினேன். வழக்கம்போல அடியில் இருந்த படத்தை அனுப்ப மறந்துவிட்டேன். அவர் அதை ஒரு பிரிண்ட் கடையில் கொடுத்துப் பெரிய தாளில் எடுத்திருக்கிறார். அவருடைய நிலம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். கட்டத்தின் நடுவில் கொட்டை எழுத்தில் ஸ்டெல்லா.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே பத்திரத்தோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் தம்பி மூன்று பேரிடமிருந்து வாங்கின இடமாம். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டதாம். இந்த ஸ்டெல்லா யார், அவர்களுக்குக் கூடப்பிறந்தவளா, பங்கு கேட்டு வருவாளா என்று ராத்திரி முழுக்க வீட்டில் ஒருவரும் தூங்கவில்லையாம். என் கம்ப்யூட்டரில் திறந்து சர்வே படத்தைக் காட்டினேன். நம்பவில்லை. கடைசியில் ஸ்டெல்லா என் மனைவி என்று சொல்லி, செல்போனில் இருந்த அவள் போட்டோவையும் காட்ட வேண்டியதாயிற்று. வெள்ளை யூனிபார்மில் இருந்தவளை நன்றாகப் பார்த்துவிட்டு எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். மஸ்கட் என்றேன். அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது. பத்திரத்தை மடித்து உள்ளே வைத்தார்.

"வெளிநாட்டுல இருக்காகளா? அப்பச் சரி. இங்கன வர மாட்டாக."

நகராத சுவர்

படத்தை இணைப்பதுபோல ஒரு வரைபடத்துக்குள் இன்னொரு வரைபடத்தையும் இணைக்கலாம். விருதுநகரில் முத்துராஜ் என்று ஓர் இன்ஜினியர். கட்டடத்தை அவர் வரைவார், சுற்றியுள்ள இடத்தை நான் வரைவேன். அவர் வரைபடம் இன்டர்நெட் வழியாக என் வரைபடத்தில் இணைந்திருக்கும். அங்கே அவர் ஒரு சுவரை நகர்த்திச் சேமித்தால், இணைத்த வரைபடம் மாறிவிட்டது என்று என் திரையின் ஓரத்தில் ஒரு குறிப்பு எட்டிப் பார்க்கும். நாங்கள் நேரில் சந்தித்ததே இல்லை. ஆனால் அவர் டீ குடிக்கப் போகிற நேரம் எனக்குத் தெரியும். யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் அதுவும் தெரியும். அன்றைக்கு ஒரே கதவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக்கொண்டே இருப்பார். சீசன் இல்லாத நாட்களில் என் மாடிக்கு ஒருவரும் வர மாட்டார்கள். அந்தக் குறிப்பு எட்டிப் பார்த்தால் யாரோ வந்து போனதுபோல இருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகவே சில நாள் கடை திறந்திருக்கிறேன்.

பங்குனியில் ஒரு நாள் குறிப்பு எதுவும் வரவில்லை. மறுநாளும் இல்லை. எனக்கு அந்த வேலையில் அவசரம் ஒன்றுமில்லை, இருந்தாலும் கை பரபரத்தது. போன் செய்து, என்ன, ஒரு சுவரும் நகரக் காணோமே என்றேன். மறுமுனையில் இருமல் கேட்டது. காய்ச்சலில் படுத்திருக்கிறார். தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவர், வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லவில்லையாம். மாத்திரை போட்டாரா, கஞ்சிக்கு என்ன வழி என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் சொன்னார்.

"அண்ணாச்சி, நான் படுத்துக் கெடக்கிறது உங்க ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

எல்லா அறையிலும் ஒரு பெயர்

சாத்தூரில் எங்களுக்கு ஒரு மனை இருக்கிறது. அதில் கட்டப்போகிற வீட்டுக்கு நானே வரைபடம் போட்டேன். ஸ்டெல்லா அங்கிருந்து படம் படமாக அனுப்பினாள். அடுப்படி அலமாரி இப்படி வேண்டும், பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு மேலே இப்படி ஒரு ஜன்னல் வேண்டும், துணி காயப்போட இப்படி ஒரு கொடி வேண்டும். ஒவ்வொன்றையும் அந்தந்த அறையில் சேர்த்துக்கொண்டே வந்தேன். இந்தப் படங்கள் வர வர எனக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. வராதவள் எதற்கு அடுப்படிக்கு அலமாரி தேடப்போகிறாள்?

முடித்ததும் அவசரப்பட்டு அனுப்பிவிட்டேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்கிற பல்லி கழனிப் பானையில் விழுந்ததாம். வரைபடம் மட்டும் போனது, படம் ஒன்றும் போகவில்லை. அவள் டூட்டி முடிந்து ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரிலேயே திறந்து பார்த்திருக்கிறாள். போன் வந்தபோது திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். திட்டவில்லை. குரல் தணிந்திருந்தது.

"எல்லா ரூம்லயும் எம் பேருதாங்க இருக்கு. வேற ஒண்ணையும் காணோம்."

வெள்ளிக்கிழமை போன்

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, சர்ச்சில் ஆராதனையும் அன்றைக்குத்தான். எனக்கு ஞாயிற்றுக்கிழமை. கல்யாணமான புதிதில் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடினவர்கள், இப்போது ஆளுக்கொரு கிழமையில் போகிறோம். ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு கூப்பிட்டாள். வார்டில் இரண்டு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்களாம். மூத்த நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்களாம். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். இதையெல்லாம் ஒரே மூச்சில், நிறுத்தினால் முடிக்க முடியாது என்பதுபோலச் சொன்னாள்.

சரி என்றேன். வர வேண்டாம் என்றா சொன்னேன், ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சத்தம் போட்டிருக்கலாம். கேட்டால் நான் வந்துவிடு என்று சொல்வேன் என்பது அவளுக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை என்பது எனக்கும் தெரியும். அழுதேன், அவளும் அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, அப்படியானால் வீட்டு வேலையை நீ வந்த பிறகு வைத்துக்கொள்ளலாமா என்றேன்.

"வேண்டாம், ஆரம்பிச்சுருங்க. நீங்க போட்டோ அனுப்புங்க, நான் இங்கன இருந்தே பாத்துக்கிறேன்."

இப்போது சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது, தினமும் சாயங்காலம் நாலு பக்கமும் நின்று படம் எடுத்து அனுப்புகிறேன். என்றைக்காவது ஒரு பக்கத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்க அவளே போன் செய்கிறாள் என்பதுதான் இத்தனை வருஷத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட ஒரே சூட்சுமம்.